வெல்டர் எடுக்க ஃபோர்மேன் எதற்கு?

துவாக்குடி_எச்ஆர்: பாய்லர் பைப் வேலை எடுத்துச் செய்யும் யூனிட்களில் வெல்டர் தேர்வை முழுக்க எச்.ஆர். கையில் கொடுத்துவிடலாம். சர்டிஃபிகேட், அனுபவம், நடத்தை பார்த்தால் போதும். ஃபோர்மேன் உள்ளே வந்தால் மச்சான், மாப்பிள்ளை என்று ஆள் சேர்ப்பார்.

ஆர்க்_மணி: சர்டிஃபிகேட் பார்ப்பாராம்! சரி, டெஸ்ட்டில் ரூட், அதாவது ஜாயின்ட்டின் அடியில் முதல் வரிசை, போடும்போது பக்கத்தில் நின்றது யார்? 6ஜி என்கிற டெஸ்ட்டில் பைப்பை 45 டிகிரி சாய்த்துக் கட்டிவிடுவோம். திருப்ப முடியாது, ஆள்தான் சுற்றி வர வேண்டும். அடிப்பக்கம் உடம்பை வளைத்து டார்ச் பிடிக்கும்போதுதான் கையின் லட்சணம் தெரியும். அது ரெஸ்யூமில் எந்த வரியில் இருக்கிறது?

துவாக்குடி_எச்ஆர்: எக்ஸ்ரே எதற்கு இருக்கிறது சார்? ஃபிலிம் சொல்லிவிடுமே.

ஆர்க்_மணி: ஜாயின்ட் நல்லதா என்று சொல்லும். போட்டது யார் என்று சொல்லுமா? பக்கத்தில் நின்றது யார்? ஆஸ்மி செக்‌ஷன் 9 என்கிற வெல்டர் தகுதி விதியைப் படித்ததுண்டா? வேலை கொடுக்கிற கம்பெனியே தன் மேற்பார்வையில் டெஸ்ட் வைக்க வேண்டும். ஆறு மாதம் அந்த வெல்டிங் ப்ராசஸைத் தொடவில்லை என்றால் தகுதி காலாவதி. நீங்கள் பழைய கம்பெனி பேப்பரை லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறீர்கள்.

சின்ன_யூனிட்: சம்பளம் கொடுப்பவனை இரண்டு பேரும் மறந்துவிட்டீர்கள். ஒரு ஜாயின்ட் ரிப்பேர் என்றால் கிரைண்டிங், மறுபடி வெல்டிங், மறுபடி ஃபிலிம், எல்லாம் என் தலையில். முடிவு என்னுடையது.

ஆர்க்_மணி: எடுங்கள் முதலாளி. ஏசி ரூமை விட்டு வந்து பக்கத்தில் நிற்பீர்களா?

சின்ன_யூனிட்: எனக்கு ஏசி ரூமே இல்லை ஐயா. ஃபேன் கூட கிரீச் என்று கத்துகிறது.

ஹெல்மெட்_தம்பி: நான் வெல்டர்தான். ஒரு இடத்தில் டெஸ்ட்டுக்கு ஓவனில் காய வைக்காத 7018 வெல்டிங் ராடைக் கொடுத்தார்கள். ஈரம் இருக்கும் என்றேன். "போடத் தெரியாதவன் ராடைக் குறை சொல்வான்" என்றார் ஃபோர்மேன். போரோசிட்டி, அதாவது ஜாயின்ட்டுக்குள் பொடி ஓட்டை, வந்தது. அனுப்பிவிட்டார்கள். அவர் பக்கத்தில்தான் நின்றார் அண்ணே.

ஆர்க்_மணி: ராடுக்கும் பைப்புக்கும் நடுவே ஆர்க்கை நீளமாகப் பிடித்தாலும் போரோசிட்டி வரும் தம்பி. ராடு மேல் பழி போடாதே.

ஹெல்மெட்_தம்பி: அதே வாய்! அந்த ஃபோர்மேன் நீங்கள்தானோ?

துவாக்குடி_எச்ஆர்: இதைத்தான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

ஆர்க்_மணி: நீங்கள் பேசாதீர்கள். "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்று வெல்டரைக் கேட்கிற கூட்டம். அப்படிக் கேட்டதில் ஓர் அருமையான ஆர்கான் வெல்டர் எழுந்து போனார், இப்போது மஸ்கட்டில் இருக்கிறார்.

துவாக்குடி_எச்ஆர்: அவரும் உங்கள் ஊர்தானே?

ஆர்க்_மணி: ஊர் எதற்கு இப்போது? ரூட் போடும்போது பக்கத்தில் நின்றது யார், அதற்குப் பதில் சொல்லுங்கள்.

துவாக்குடி_எச்ஆர்: க்யூசி, அதாவது தரம் பார்ப்பவர், நிற்பார். உங்களைக் கூப்பிடப் போவதில்லை.

ஆர்க்_மணி: க்யூசி-யா? நேற்று காலேஜை முடித்துவிட்டு வந்த பையனா?

சின்ன_யூனிட்: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நாளைக்கே இரண்டு ஆர்கான் வெல்டர் வேண்டும். தம்பி, வருகிறீர்களா?

ஹெல்மெட்_தம்பி: வருகிறேன் சார். ராடு ஓவன் இருக்கிறதா?

சின்ன_யூனிட்: இருக்கிறது. ஹீட்டர்தான் போய்விட்டது, அடுத்த வாரம் மாற்றிவிடுவேன்.