தெருவுக்கடியில் இரும்பு போய் மஞ்சள் குழாய் வந்தபோது: உங்கள் அனுபவம்?

ஈஸ்ட் ஹாம், லண்டன்

எங்கள் தெருவில் கேஸ் மெயினை, அதாவது தெருவுக்கடியில் ஓடும் பெரிய கேஸ் குழாயை, மாற்றி முடித்துவிட்டார்கள். அடுத்து உங்கள் தெருவாக இருக்கலாம் என்பதால் பார்த்ததை எழுதுகிறேன்.

தெரு முழுக்கத் தோண்டிப் போடுவார்கள் என்று பயந்தோம். அப்படி இல்லை. இரண்டு முனையிலும் பெரிய பள்ளம், வீட்டு இணைப்பு பிரியும் இடங்களில் சின்னச் சின்னக் குழிகள், அவ்வளவுதான். பழைய வார்ப்பிரும்புக் குழாயை வெளியே எடுப்பதே இல்லை. அதற்குள்ளேயே மஞ்சள் நிற பாலிஎத்திலீன் (பிளாஸ்டிக்) குழாயைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

வெட்டியெடுத்த பழைய துண்டு ஒன்று பள்ளத்தின் ஓரமாகக் கிடந்தது. தொட்டதும் துரு அடை அடையாகப் பெயர்ந்து வந்தது. இணைப்பில் ஈயம் ஊற்றி அடைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் சணல் நார். விரலில் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. வேலை செய்தவர் பொறுமையாக விளக்கினார். முன்பு ஓடியது நிலக்கரியிலிருந்து எடுத்த, ஈரம் கலந்த கேஸ். அதில் நார் ஊறிப் பருத்து இறுக்கமாக இருந்தது. 1967 முதல் 1977 வரை நாடே இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. அது உலர்ந்த வாயு, நார் காய்ந்து சுருங்கிவிட்டது. போதாததற்கு வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது. குளிரில் மண் அசைந்தால் விரிசல்தான்.

கட்டடங்களுக்கு 30 மீட்டருக்குள் இருக்கும் இரும்பு மெயின்களை 30 ஆண்டுகளில் மாற்றிவிடும் திட்டம் 2002இல் தொடங்கியது. அதற்குச் சற்று முன், 1999 டிசம்பரில், ஸ்காட்லாந்தின் லார்க்ஹாலில் துருப்பிடித்த மெயினிலிருந்து கசிந்த கேஸ் வெடித்து ஒரே குடும்பத்தில் நான்கு பேர் இறந்தார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு பார்க்கிங் பிரச்சினை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் நடைபாதைக் குழியை மூடாமல் விட்டதில் கோபம் உண்டு. பக்கத்து வீட்டுப் பாட்டி வாக்கரோடு சாலையில் இறங்கி நடந்தார். புகார் செய்த பிறகுதான் பலகை போட்டார்கள்.

மெரிமாக் பள்ளத்தாக்கு, மாசசூசெட்ஸ், அமெரிக்கா

மாற்றும் வேலையும் ஆபத்தானதுதான், அதையும் சொல்ல வேண்டும். 2018 செப்டம்பர் 13 அன்று லாரன்ஸ், ஆண்டோவர், நார்த் ஆண்டோவர் மூன்று ஊர்களிலும் வரிசையாக வீடுகள் தீப்பிடித்தன. கைவிடப்போகும் பழைய இரும்புக் குழாயிலேயே அழுத்தம் அளக்கும் இணைப்பை விட்டுவிட்டார்கள். அங்கே அழுத்தம் விழுந்ததும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் முழுசாகத் திறந்து, அதிக அழுத்தத்தில் கேஸ் வீடுகளுக்குள் பாய்ந்தது. 18 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். மின்சாரத்தையும் துண்டித்ததால் ஊரே இருட்டு. நாங்கள் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டோம். குளிர் வந்த பிறகும் பல வீடுகளில் ஹீட்டிங் இல்லை. அதனால் உங்கள் தெருவில் வேலை நடந்தால், அழுத்தத்தை யார் கண்காணிக்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

ஹாரோ, லண்டன்

எங்கள் வீட்டில் கைக்குழந்தை இருப்பதை முன்கூட்டியே சொன்னோம். வீட்டு இணைப்பை மாற்றும் நாளில் கேஸ் இருக்காது என்பதால் மின்சார ஹீட்டரும் சின்ன மின் அடுப்பும் கொடுத்தார்கள். அன்று வயது வந்த ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும். மாலையில் உள்ளே வந்து, குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்றி, கசிவு பார்த்து, பாய்லரை (வீட்டைச் சூடாக்கும் கேஸ் கருவி) பற்றவைத்துக் கொடுப்பார்கள். கேஸை நீங்களே திறக்காதீர்கள். அப்புறம் என்றைக்காவது கேஸ் வாடை வந்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 0800 111 999க்குக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.