"சாமிக்கு என் மேல கோவமா?" குழந்தைக்கு என்ன பதில் சொல்வது?

குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவர்கள், இதைக் கடந்து வந்த பெற்றோர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள்.

என் அக்கா மகளுக்கு எட்டு வயது. ரத்தப் புற்றுநோய், கீமோ போய்க்கொண்டிருக்கிறது. "தம்பியை அடிச்சேன்ல, அதான் சாமி இப்படிப் பண்ணுச்சா?" என்று கேட்கிறாள். தப்பு செய்தால் தண்டனை தானாக வந்து சேரும் என்று சின்னக் குழந்தைகள் நம்புவதைப் பற்றி குழந்தை உளவியலாளர் ழான் பியாஜே 1932-லேயே எழுதியிருக்கிறார். தெரிந்து என்ன, பதில் வரவில்லையே! "இது யார் தப்பாலயும் வந்த நோய் இல்லை" என்றேன். உடனே அடுத்தது: "அப்போ வேண்டிக்கிட்டும் ஏன் சரியாகல?"

அக்கா, "சாமி சோதிக்கிறார்" என்கிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை; குழந்தை அதையும் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வாள். அவள் அப்பாவோ பேச்சையே மாற்றிவிடுகிறார். இதற்கிடையில் அவள் சாமியை வரைகிறாள், கையில் ஊசியோடு, சிரித்த முகமாக. அதைப் பற்றி அவளிடம் கேட்கலாமா, விட்டுவிடலாமா?

குழந்தைகளுக்கான வலி தணிப்புச் சிகிச்சை நோய் தெரிந்த நாளிலிருந்தே தொடங்க வேண்டும், உடல், மனம், ஆன்மா மூன்றையும் கவனிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 1998 வரையறை. நடைமுறையில் மருத்துவக் குழுவில் யாரிடம் இதைப் பேசுவது?

நீங்கள் சொன்ன பதில்கள், குழந்தை அதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதோடு எழுதுங்கள். மதப் பிரச்சாரமும் அற்புத மருந்தும் வேண்டாம், தயவுசெய்து.