குப்பைக் கிடங்குப் புகை: வீட்டுக்குள் முதியவரையும் குழந்தையையும் காப்பது எப்படி?

கேள்வி: முத்தமிழ் நகர் வாசி

வணக்கம். வடசென்னையின் கொடுங்கையூரில் ஓர் அடுக்குமாடியின் இரண்டாம் தளத்தில் குடியிருக்கிறோம். கோடை வந்துவிட்டால் குப்பைக் கிடங்கின் ஏதேனும் ஒரு மூலையில் தீப்பிடிப்பதும், அணைத்துவிட்டதாகச் சொன்ன பிறகும் அது உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருப்பதும் இப்பகுதியினருக்குப் பழகிப்போனவை. என் மாமியாருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளது; இன்ஹேலர் பயன்படுத்துகிறார். ஏழு வயது மகனுக்கு அவ்வப்போது வீசிங் வரும். சன்னலைச் சாத்தினால் புழுக்கம் தாங்கவில்லை, திறந்தால் இருவருக்கும் இருமல் தொடங்கிவிடுகிறது. எந்த நேரத்தில் திறப்பது பாதுகாப்பானது, ஏ.சி. ஓடினால் வெளிப்புகை உள்ளே வருமா, துணி முகக்கவசம் போதுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். கிடங்கை எப்போது அகற்றுவார்கள் என்ற விவாதம் இங்கே பலமுறை நடந்துவிட்டது. இப்போது எனக்குத் தேவை வீட்டுக்குள் செய்யக்கூடியவை மட்டுமே.

பதில் 1: தண்டையார்பேட்டை செவிலியர்

சகோதரி, முதலில் எதற்கு அஞ்ச வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியும் சாம்பலும் கரியும் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள பிஎம்2.5 நுண்துகள்கள்தாம் நுரையீரலின் அடி வரை இறங்குகின்றன. அவற்றில் மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கின்றன. ஆகவே நாற்றம் குறைந்துவிட்டது என்பதற்காகக் காற்று சுத்தமாகிவிட்டது என்று கொள்ள வேண்டாம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் மணலி, கொடுங்கையூர், இராயபுரம் நிலையங்களின் அளவுகள் கிடைக்கின்றன. அதில் இரண்டு செய்திகளை மனத்தில் வைக்க வேண்டும். நுண்துகளைப் பொறுத்தவரை நம் நாட்டின் காற்றுத் தரக் குறியீடு 24 மணி நேரச் சராசரியைக் கொண்டு கணக்கிடப்படுவதால், ஒரு மணி நேரத்துக்கு முன் வந்த புகை அதில் உடனே தெரியாது. அன்றைய எண்ணைவிட மணிக்கு மணி வரும் பிஎம்2.5 அளவே உங்களுக்குப் பயன்படும். மற்றொன்று, குறியீடு 100 வரை 'திருப்தி' என்று காட்டினாலும், அந்த 100 என்பது ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் பிஎம்2.5-க்கு நிகரானது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த 24 மணி நேர அளவோ 15 மட்டுமே. மாமியாரைப் போன்ற நோயாளிகளுக்கு அந்தச் சொல்லை நம்பி இருந்துவிடக் கூடாது.

துணி முகக்கவசமும் ஈரக் கைக்குட்டையும் இத்துகள்களைப் போதிய அளவு தடுப்பதில்லை. என்95 கவசம் தடுக்கும். ஆனால் அது கன்னத்தில் இடைவெளியின்றி ஒட்டியிருக்க வேண்டும். மூச்சுக்கு ஏற்கெனவே திணறும் முதியவர் அதை நெடுநேரம் அணிவது கடினம் என்பதால், அவருக்கு அணியலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றாடம் எடுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரைப் புகை நாளில் ஒரு வேளைகூடத் தவற விடக் கூடாது. அவசரத்துக்கான இன்ஹேலர் தீரும் நிலையில் இருக்கக் கூடாது.

ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே சுழற்றுகிறது, வெளிக்காற்றை இழுப்பதில்லை. எனவே அச்சமின்றிப் போடலாம். ஆனால் அதிலுள்ள வலை தூசியைப் பிடிக்குமே தவிர நுண்துகளைப் பிடிக்காது. விண்டோ ஏ.சி. என்றால் வெளிக்காற்றுத் திறப்பை மூடிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுக்குள்ளேயே புகை உண்டாக்காமல் இருங்கள். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு ஈடாகலாம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. சன்னலை இறுகச் சாத்திவிட்டு, உள்ளே சுருளையும் சாம்பிராணியையும் ஏற்றி வைக்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொசுவுக்கு வலையே போதும். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

பதில் 2: எண்ணூர்க்காரர்

செவிலியர் அம்மா சொன்னவற்றோடு காற்றின் திசையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முத்தமிழ் நகர் கிடங்குக்கு மேற்கே இருக்கிறது. கோடையில் நண்பகலை ஒட்டிக் கிழக்கிலிருந்து எழும் கடற்காற்று, கிடங்குப் புகையை நேராக உங்கள் பக்கம் தள்ளும். கடற்காற்றுக்காகவே காத்திருந்து சன்னலைத் திறக்கும் ஊர் இது. தீ எரியும் நாளில் மட்டும் அந்த வழக்கத்தை மாற்றியாக வேண்டும். பின்னிரவிலும் விடியலிலும் காற்று அசையாமல், புகை தரையோடு படிந்து நிற்கும். அப்போதும் திறக்க வேண்டாம். வெயில் ஏறித் தரை சூடான பிறகு, கடற்காற்று எழுவதற்கு முன் உள்ள முற்பகல் வேளையே பொதுவாக உங்களுக்கு உகந்தது. எழில் நகர்ப் பக்கம், அதாவது கிடங்குக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு இது நேர்மாறாகும். எதுவானாலும் மொட்டை மாடிக்குச் சென்று புகை எப்பக்கம் சாய்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என்95 வாயுக்களைத் தடுக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2023 டிசம்பர் 26 இரவு, எங்கள் எண்ணூரில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. அம்மோனியா நீரில் கரைவதால், அத்தகைய நேரத்தில் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்வதே ஓரளவு உதவும். நெகிழியும் பி.வி.சி.யும் எரியும் குப்பைப் புகையிலும் அமில வாயு கலந்திருக்கும். கண் எரிந்தால் கவசத்தை நம்பி அங்கே நிற்காதீர்கள்.

பதில் 3: கொருக்குப்பேட்டை

ஏ.சி. இருப்பவர்களுக்கு இவை பொருந்தும். எங்களைப் போல் ஒண்டுக் குடித்தனத்தில், ஒரே அறையில் ஐந்து பேர் இருப்பவர்கள் ஏப்ரல் மாதத்தில் கதவைச் சாத்தினால் வெப்பமே ஆளைச் சாய்த்துவிடும். வெப்ப மயக்கமும் உயிர்க்கு ஆபத்துதான் என்பதால் 'கதவை மூடுங்கள்' என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. புகை கடுமையாக உள்ள நாட்களில் முதியவரையும் குழந்தையையும் வேறு பகுதியிலுள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்புவதே எங்கள் தெருவில் பலர் செய்வது.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்க வசதி இல்லாதவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் காட்டுத்தீப் புகையைச் சமாளிக்க, சதுர மின்விசிறியுடன் வடிகட்டிகளைப் பெட்டி போல ஒட்டிப் பயன்படுத்துகிறார்கள். 2020-இல் ரிச்சர்ட் கோர்ஸி, ஜிம் ரோசன்தால் இருவரும் உருவாக்கிய முறை அது. நம்மூர் மேசை விசிறியின் முன், நுண்துகளையும் பிடிக்கும் ஹெபா (HEPA) வடிகட்டியைக் கட்டினாலும் ஓரளவு பயன் உண்டு; காற்றோட்டம் குறையும், மோட்டார் சூடாகும் என்பதால் ஆள் இல்லாதபோது ஓடவிடக் கூடாது.

முத்தமிழ் நகர் வாசி

மூவருக்கும் நன்றி. படுக்கையறையில் மட்டும் ஏ.சி. உள்ளது, சிறிய சுத்திகரிப்பான் ஒன்று வாங்கலாம் என்றால் எதைப் பார்த்து வாங்குவது? மகனைப் பள்ளிக்கு அனுப்பலாமா?

பதில் 4: தண்டையார்பேட்டை செவிலியர்

அந்த ஒரு அறையை மட்டும் சுத்த அறையாக வைத்துக்கொள்ளுங்கள். முழு வீட்டையும் காப்பாற்ற முயன்றால் எதுவும் நடக்காது. கதவின் அடியில் துணியைச் சுருட்டி வைத்து, இருவரையும் அங்கேயே உறங்கச் செய்யுங்கள். உண்மையான ஹெபா வடிகட்டி உள்ளதாகவும், அதன் காற்று வெளியீட்டு அளவு அறையின் பரப்புக்குப் போதுமானதாகவும் இருக்க வேண்டும். ஓசோன் வெளியிடும் கருவியைத் தவிருங்கள். ஓசோனே வீசிங்கைத் தூண்டும். சமையலறைப் புகை அறைக்குள் வராதபடி கதவைச் சாத்தியே வையுங்கள்.

பள்ளிக்கு அனுப்பலாம், ஆனால் புகை நாளில் விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு கேட்டு ஆசிரியருக்கு ஒரு குறிப்பு எழுதி, அவசர இன்ஹேலரையும், அதன் மருந்தை எளிதாக உள்ளிழுக்க உதவும் குழாயான ஸ்பேசரையும் பையில் கொடுத்துவிடுங்கள். ஓடும்போது குழந்தை பல மடங்கு காற்றை உள்ளிழுக்கிறது. பெரியவர்களுக்கான என்95 ஏழு வயது முகத்தில் ஒட்டாது. போகியன்று காலையும் இதே ஏற்பாடு வேண்டும்.

ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க இயலாமல் மூச்சு வாங்கினாலோ, விலா எலும்புகளுக்கிடையே தசை உள்ளிழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, இன்ஹேலர் கொடுத்தும் தணியாவிட்டாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். தெருவில் யாரேனும் குப்பையை எரித்தால் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.