உள்ளுணர்வு அளவுகோல் ஆகுமா? கிறிஸ்டோபர் அலெக்சாண்டரை முன்வைத்து

செங்கல்சூளை:
கட்டடக் கலைஞர் அலெக்சாண்டர் சொன்னது இதுதான்: ஓர் இடத்தில் நிற்கும்போது உள்ளே எழும் உணர்வை வெப்பமானி போலப் பயன்படுத்தலாம். உப்புக் குடுவையையும் கெச்சப் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "எது பிடிக்கிறது?" என்று அவர் கேட்கவில்லை. "எது உன் முழு சுயத்தின் படம்?" என்று கேட்டார். பெரும்பாலோர் உப்புக் குடுவையைக் காட்டினார்களாம்.

ரசமட்டம்:
பலர் ஒரே பதில் சொன்னால் அது அளவீடு ஆகிவிடுமா? கேள்வியே பதிலை ஊட்டிவிடுகிறது. 'முழு சுயம்' என்று கேட்டால் எவன் சாஸ் பாட்டிலைக் காட்டுவான்?

செங்கல்சூளை:
அவர் கணிதம் படித்தவர் சார். 1960களில் ஹார்வர்டில் ஒரு சோதனை செய்தார். ஏழு கட்டம் கொண்ட பட்டைகள். மூன்று கறுப்பு, நான்கு வெள்ளை. மொத்தம் 35 வகை. எது எளிமையாகத் தெரிகிறது என்பதில் ஆட்கள் பெரிதும் ஒத்துப்போனார்கள். பட்டைக்குள் ஒளிந்திருக்கும் சின்னச் சின்ன சமச்சீர்களின் எண்ணிக்கைதான் காரணம் என்பது அப்புறம் தெரிந்தது.

ரசமட்டம்:
பட்டை வேறு, பள்ளிக்கூடம் வேறு.

தூக்குக்குண்டு:
பள்ளிக்கூடமும் கட்டினாரே! 1980களில் ஜப்பானில் எய்ஷின் வளாகம். தேயிலை வளர்ந்த நிலத்தில் கொடி கட்டிய கழிகளை நட்டு, நடந்து பார்த்து, இடம் மாற்றி நட்டுத்தான் கட்டடங்களின் இடத்தை முடிவு செய்தார்கள். நான் சின்ன காண்ட்ராக்டர். ஜன்னலுக்கு இடம் குறிக்கும்போது ஒரு சாண் தள்ளிக் காட்டினாலே வீட்டுக்காரர் முகம் மாறும். பெரும்பாலும் மேஸ்திரி, நான், அவர் மூவரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்போம்.

ரசமட்டம்:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1982இல் ஹார்வர்டில் இன்னொரு கட்டடக் கலைஞரான பீட்டர் ஐசன்மனோடு நடந்த விவாதத்தைப் பாருங்கள். ஸ்பெயினில் ரஃபேல் மொனேயோ கட்டிய லோக்ரோஞ்ஞோ நகர மன்றத்தின் மெலிந்த தூண்களை ஐசன்மன் புகழ்ந்தார். அலெக்சாண்டர் கெட்ட வார்த்தையில் திட்டினார். பக்கத்து வெப்பமானி வேறு அளவு காட்டினால் எந்த வெப்பமானியாவது திட்டுமா?

செங்கல்சூளை:
திட்டியது தப்புதான். ஆனால் அந்தத் தூண்கள் மனதை உறுத்துகின்றன என்பதை ஐசன்மன் மறுக்கவில்லையே! அந்த உறுத்தல்தான் வேண்டும் என்றார். இரண்டு வெப்பமானியும் ஒரே அளவைத்தான் காட்டின. காய்ச்சல் நல்லதா என்பதில்தான் சண்டை.

ரசமட்டம்:
இது நான் யோசிக்காத கோணம். ஆனாலும் கெச்சப் பாட்டில் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.