பொன்வண்டின் மினுமினுப்பு வாட்டர்கலரில் பிடிபடவில்லை, உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. இரண்டு வருடமாக வீட்டுப் பொருட்களையும் பூச்சிகளையும் மட்டுமே வரைந்து வருகிறேன். மூடி நசுங்கிய காபி ஃபில்டர், ஜன்னலில் செத்துக் கிடந்த தட்டான், அம்மாவின் அரிவாள்மனை. "இதையெல்லாமா வரைவாங்க?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அரிவாள்மனையை வரைந்த மூன்று நாளும் அம்மா அதன் முன் உட்கார்ந்து வாழைப்பூ நறுக்குவது கண்ணிலேயே நின்றது. அதை எப்படி விளக்குவது?

இப்போது சிக்கல் பொன்வண்டு. சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் கொடுக்காப்புளி இலை போட்டு வளர்த்தோமே, அதேதான். ஊரில் வேலியோரம் செத்துக் கிடந்த ஒன்றை எடுத்து வந்தேன். ஜெர்மன் ஓவியர் மரியா சிபில்லா மெரியன் 1705-இல் வெளியிட்ட, தென் அமெரிக்காவின் சூரினாம் பூச்சிப் படங்களில், பூச்சியோடு அதன் செடியும் இருக்கும். எனக்குப் பொன்வண்டின் இடம் தீப்பெட்டிதான், அதனால் இரண்டையும் சேர்த்தே வரைகிறேன்.

தீப்பெட்டி சரியாக வந்துவிட்டது. வண்டுதான் வரவில்லை. அதன் பச்சை சாயம் அல்ல. ஓட்டின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. லேசாகத் திருப்பினாலே நிறம் மாறுகிறது. நான் எதைக் கலந்தாலும் வாழையிலைப் பச்சைதான்! மினுங்கும் மைக்கா தூள் கலந்த பெயின்டைப் போட்டதும் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிட்டது.

அடியில் மஞ்சள் பூசுவதா, கறுப்பா? ஒளிபடும் இடத்தைக் காகித வெள்ளையாகவே விட்டுவிடலாமா? 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்திக் காகிதம் எத்தனை பூச்சு தாங்கும்? வண்டு வரைந்து பழகியவர்கள் சொல்லுங்கள். அப்புறம், இதன் கால்கள் உதிரத் தொடங்கிவிட்டன, கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது.