முதல் சாரணியர் முகாம்: கோத்தகிரியா, கொடைக்கானலா? மகளை எங்கே அனுப்புவது?

பவானிக்கரை:

வணக்கம். ஈரோடு மாவட்டம் பவானியில் இருந்து எழுதுகிறேன். மகளுக்கு 11 வயது. பள்ளியில் சாரணியர் படையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பிரவேஷ் (சாரணியத்தில் முதல் படி) முடித்துவிட்டாள். ஸ்கார்ஃப் போட்ட நாளில் இருந்து வீட்டில் கிடைக்கிற கயிற்றிலெல்லாம் முடிச்சுதான், கொடிக்கயிற்றைக்கூட விட்டுவைக்கவில்லை. மே மாதம் அவர்கள் படை கோத்தகிரிப் பக்கம் ஒரு மைதானத்தில் கூடாரம் போட்டு 4 நாள் தங்கப் போகிறது. அதே வாரம் கொடைக்கானலில் தனியார் சாகச முகாம் ஒன்று இருக்கிறது. ஜிப்லைன், சுவர் ஏறுவது, தங்க அறை, வெந்நீர், சமையல்காரர் எல்லாம் உண்டு, கட்டணம் நான்கு மடங்கு.

குளிரில் பிள்ளை தரையில் படுக்க வேண்டாம், கொடைக்கானலுக்கே அனுப்பு என்கிறார் வீட்டுக்காரர். மாமியார் இரண்டுமே வேண்டாம் என்கிறார். அவள் என்னை விட்டு இரவு தங்கியது என் அம்மா வீட்டில் மட்டும்தான். மலை ஏறினால் இரண்டாவது வளைவிலேயே வாந்தி வேறு. எதை வைத்து முடிவு செய்வது? நடத்தியவர்கள், பிள்ளைகளை அனுப்பியவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர் வாத்தியார்:

அம்மா, 26 வருடம் பள்ளியில் சாரண ஆசிரியராக இருந்துவிட்டு இப்போது குன்னூரில் ஓய்வில் இருக்கிறேன். எந்த ஊர் என்பதை அப்புறம் பார்க்கலாம், யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். சாரணிய ஆசிரியையை நேரில் போய்ப் பார்த்துப் பேசுங்கள். பிள்ளைகளின் கூடாரத்துக்குப் பக்கத்தில் இரவில் எத்தனை பெண்கள் படுப்பார்கள், அவர்கள் சாரணியப் பயிற்சி எடுத்தவர்களா, அந்த மைதானத்தை முன்கூட்டியே போய்ப் பார்த்தார்களா, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை எவ்வளவு தூரம், ராத்திரி காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரி, அதற்கு வண்டி அங்கேயே நிற்குமா. வண்டி விஷயத்தை அழுத்திக் கேளுங்கள். ஒரு முகாமில் பையன் ஒருவனுக்கு இரவு 11 மணிக்கு மூச்சிரைப்பு வந்து, எஸ்டேட் லைன் வீடுகளில் கதவைத் தட்டி ஒரு ஜீப் பிடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. பையன் பிழைத்தான். அதற்குப் பிறகு வண்டி நிற்காத முகாமுக்கு நான் யாரையும் அழைத்துப் போனதில்லை.

அடுத்தது, அணி. 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே பையன்களை நான்கு அணிகளாகப் பிரித்து வேலையை அவர்கள் கையில்தான் கொடுத்தார். இன்றைக்கும் அணி என்றால் ஆறு முதல் எட்டுப் பேர், அவர்களுக்குள் ஒரு அணித்தலைவி, அவர்களே கூடாரம் போடுவது, அவர்களே விறகும் தண்ணீரும் பார்த்துச் சமைப்பது. அதனால் ஆசிரியையிடம் இதையும் கேளுங்கள்: சமையல் யார்? "ஆள் வைத்திருக்கிறோம், பிள்ளைகள் சும்மா சாப்பிட்டால் போதும்" என்று பதில் வந்தால் அது கூடாரத்தில் நடக்கும் விடுமுறை, அவ்வளவுதான்.

திருப்பூரில் இருந்து வந்த ஒரு அணி ஞாபகம் வருகிறது. முதல் நாள் மாலை திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். ஏழு மணி ஆயிற்று, எட்டு ஆயிற்று, பருப்பு கல்லாகவே கிடந்தது. இந்த 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், நம் ஊர் நேரக்கணக்கு இங்கே செல்லாது. ஒன்பது மணிக்கு அணித்தலைவி வந்து, "சார், நாங்கள் பருப்பை எடுத்து வைத்துவிட்டுத் தக்காளி ரசம் வைத்துவிட்டோம்" என்றாள். பருப்பை இரவே ஊறப்போட்டு மறுநாள் குக்கரில் வைத்தார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெண் முகத்தில் இருந்த தெளிவு எந்த ஜிப்லைனிலும் கிடைக்காது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

வைகைக்காரன்:

கொடைக்கானல் தனியார் முகாமுக்கு என் பையனை இரண்டு வருடம் முன்பு அனுப்பினேன் (நீங்கள் சொல்வதேதானா என்று தெரியாது, பெயர் வேண்டாம்). 60 பிள்ளைகள், பெரியவர்கள் நான்கு பேர். மூன்றாம் நாள் காட்டுக்குள் நடைபயணம் என்று கூட்டிப் போயிருக்கிறார்கள், அனுமதி வாங்கவில்லை, சாவடியில் வனத்துறையினர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பையன் வந்து சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் செத்துப்போனதை நாம் மறக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனியாக விதிகளே வந்தன. காப்புக்காட்டுக்குள் கால் வைக்கிறார்கள் என்றால் எழுத்தில் அனுமதி இருக்கிறதா என்று பள்ளி முகாமையும் கேளுங்கள், தனியாரையும் கேளுங்கள்.

எல்லாத் தனியாரும் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. என் தங்கை மகன் போன முகாமில் பத்துப் பிள்ளைக்கு ஒருவர் இருந்தார், கயிறு, ஹெல்மெட் எல்லாம் ஒவ்வொரு முறையும் சோதித்துத்தான் ஏற்றினார்கள். ஆனால் உங்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு படை இருக்கிறது, கூடப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் முறை தெரியாத முகங்களுக்கு நடுவே ஏன்?

தேயிலைத்தூறல்:

கோத்தகிரியில்தான் இருக்கிறேன் அக்கா, என் இரண்டு பிள்ளைகளும் சாரணர்கள். மே மாதம் வெயில் காலம்தானே என்று பருத்தித் துணியை மட்டும் கட்டி அனுப்பிவிடாதீர்கள். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், மதியம் இரண்டு மணிக்கு மேல் மேகம் இறங்கி இடியோடு மழை கொட்டும், ராத்திரி பல் கிட்டும். அதனால் கூடாரம் மதியத்துக்குள் போட்டு முடித்திருக்க வேண்டும், சுற்றிலும் சின்ன வாய்க்கால் வெட்டியிருக்க வேண்டும், கற்பூர மரத்துக்கு (யூகலிப்டஸ்) அடியில் போடவே கூடாது. காற்றடித்தால் அந்தக் கிளை எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

குளிர் மேலே இருந்து வருவதைவிடத் தரையில் இருந்துதான் அதிகம் ஏறும். எல்லோரும் போர்த்திக்கொள்ள இரண்டு கம்பளி கொடுத்து அனுப்புவார்கள், பிள்ளை நடுங்கும். தார்ப்பாய், அதற்கு மேல் ஒரு கம்பளி மடித்துப் போட்டு, இன்னொன்றைப் போர்த்தச் சொல்லுங்கள். மாற்று சாக்ஸ் ஒரு ஜோடியைத் தூங்குவதற்கென்றே தனிப் பையில் போட்டுக் கட்டிவையுங்கள், பகலில் அதைத் தொடவே கூடாது. குடை வேண்டாம், ரெயின்கோட் போதும். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் கொடுங்கள், நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, முறுக்கு, பிஸ்கட், மிட்டாய் எதையும் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ள விடாதீர்கள். பாசத்தில் பை நிறையக் கொடுத்து அனுப்புகிறோம். எங்கள் ஊரில் சாப்பாட்டு வாசனைக்குக் கரடி வரும், கோயில் விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடிக்க வருவதை நாங்களே பார்த்திருக்கிறோம். தின்பண்டம் எல்லாம் ஒரே இடத்தில் பூட்டிய அறையில் இருக்க வேண்டும். அப்புறம் காட்டுமாடு. கீழே இருந்து வரும் பிள்ளைகள் எருமை என்று நினைத்துப் பக்கத்தில் போய்விடுகிறார்கள். மைதானத்து ஓரத்தில் மேய்ந்தால் சத்தம் போடாமல் பின்வாங்கி வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

வேனில் வருகிறார்கள் என்றால் இ-பாஸ் (வண்டி மலைக்கு வர இணையத்தில் எடுக்கும் அனுமதி) எடுத்தாயிற்றா என்றும் கேட்டுவிடுங்கள், 2024 மே மாதத்தில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. ஊட்டி மலர்க் கண்காட்சி நாட்களில் முகாம் வைத்தால் பாதி நாள் சாலையிலேயே போய்விடும்.

முடிச்சு2:

நான் கல்லூரியில் படிக்கிறேன், ராஜ்ய புரஸ்கார் (சாரணியத்தில் மாநில அளவில் தரும் விருது) வாங்கியவள். என் முதல் முகாம் கொடைக்கானலுக்குப் போகும் வழியில் பெருமாள்மலைப் பக்கம், அப்போது எனக்கும் 11 வயதுதான். அக்கா, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் மகள் அழுவாள். முதல் நாள் அழமாட்டாள், புதுசாக இருக்கும். இரண்டாம் நாள் ராத்திரி, பாடித்தீ (இரவில் தீ மூட்டிச் சுற்றி உட்காருவது) முடிந்து எல்லோரும் பாட்டுப் பாடிவிட்டு வந்து படுத்ததும் வரும். எனக்கு அன்றைக்கு எங்கள் வீட்டு மிக்சி சத்தம் ஞாபகம் வந்து அழுகை வந்தது, ஏன் அது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அணித்தலைவி அக்கா எழுந்து ஒன்றும் கேட்காமல் தன் கம்பளியை என் பக்கம் இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் கொடி ஏற்றும் வேலையை எனக்குக் கொடுத்தார். அந்த வேலைக்காக ஐந்து மணிக்கே எழுந்து உட்கார்ந்திருந்தேன்.

தயவுசெய்து "அழுகை வந்தால் ஃபோன் பண்ணு, அப்பா வந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். அதைக் கேட்ட பிள்ளை நாலு நாளும் அதையே நினைத்துக்கொண்டிருக்கும். "என்னென்ன சமைத்தாய் என்று வந்து சொல்லு" என்று சொல்லுங்கள், போதும். போவதற்கு முன்னால் ஒரு ராத்திரி மொட்டை மாடியில் அவளே விரித்து, அவளே மடித்து, டார்ச் வெளிச்சத்தில் பையில் இருந்து வேண்டியதை எடுத்துப் பழகட்டும். பையை நீங்கள் கட்டாதீர்கள், அவள் கட்டட்டும். எது எங்கே இருக்கிறது என்று இருட்டில் அவளுக்குத்தானே தெரிய வேண்டும்!

பவானிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. இன்று ஆசிரியையைப் போய்ப் பார்த்தேன். இரவில் மூன்று ஆசிரியைகள் தங்குகிறார்கள், 22 பிள்ளைகள். இடத்தை மாசியிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், வண்டி நிற்கிறது. காட்டுக்குள் போகவில்லை, தேயிலைத் தோட்டச் சாலையில்தான் நடை. சமையல் அணி அணியாக. கழிப்பறை பற்றிக் கேட்டபோது மட்டும் கொஞ்சம் யோசித்தார், இன்னும் இரண்டு தற்காலிகமாகப் போடச் சொல்லியிருக்கிறேன் என்றார். மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அவரிடம் நான் பேசியதை வீட்டுக்காரரும் கூட நின்று கேட்டார், சரி என்றுவிட்டார். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.

கோத்தகிரிதான். வாந்திக்கு மட்டும் யாராவது வழி சொல்லுங்கள்.

குன்னூர் வாத்தியார்:

வெறும் வயிற்றில் ஏற்றாதீர்கள், வயிறு முட்டவும் வேண்டாம், இரண்டு இட்லி போதும், பால் வேண்டாம். டிரைவருக்குப் பின்னால் முதல் வரிசை, ஜன்னல் திறந்து, கண் சாலையின் தூரத்தில். ஃபோன் பார்க்கவே கூடாது. மாத்திரை கொடுப்பதானால் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஒரு மணி நேரம் முன்பே கொடுங்கள். பருப்பை முந்தின இரவே ஊறப்போடச் சொல்லுங்கள்.