டோனர் மாற்று முறையில் மெல்லிய கோடுகள் தாமிரத்தில் ஒட்டாமல் போவது ஏன்?

கேள்வி (மன்னார்குடி)
போர்வெல்லில் தண்ணீர் மட்டம் இறங்கியதும் பம்புசெட் மோட்டார் தானாக நின்றுவிடுவதற்கான சிறிய சர்க்யூட் பலகையை வீட்டிலேயே செய்ய முயல்கிறேன். லேசர் பிரிண்டரில் பளபளப்பான தாளில் அச்செடுத்து, அதன் டோனர் மை பலகைக்கு மாறும்படி தாமிரம் பூசிய பலகையில் கவிழ்த்து வைத்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்துத் தாளை உரிக்கும்போது, தடித்த கோடுகள் பலகையில் நிற்கின்றன. மெல்லியவை தாளோடு வந்துவிடுகின்றன. சூட்டைக் கூட்டினால் கோடுகள் நசுங்கி ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. எதை மாற்ற வேண்டும்? டோனர் மூடாத தாமிரத்தை அரித்தெடுக்கப் பயன்படுத்திய பெர்ரிக் குளோரைடு கரைசலை எங்கே கொட்டுவது?

பதில் (கும்பகோணம்)
ஐயா, தாளை உரிக்கவே கூடாது. பலகை ஆறியபின் தண்ணீரில் போட்டு, தாள் கூழாகும்வரை ஊறவிட்டு, கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். டோனர் என்பது சூட்டில் உருகும் பிளாஸ்டிக் தூள். விரல் பிசுக்கு பட்ட இடத்தில் அது தாமிரத்தைப் பற்றாது. ஆகவே பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தாமிரம் பளிச்சிடும்வரை தேய்த்து, அசிட்டோனால் துடைத்தபின் ஓரத்தை மட்டுமே பிடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஈரம் இழுத்திருக்கும். அதை உலர்த்திய பிறகே அச்சிடுங்கள். கோடுகளை 0.8 மி.மீ. அகலத்துக்கு மாற்றிவிட்டால், இஸ்திரிப் பெட்டியின் சீரற்ற சூட்டையும் அவை தாங்கும். ஓரிரு இடங்களில் விட்டுப்போனால், அழியாத மை பேனாவால் தீட்டிக்கொள்ளலாம்.

பதில் (திருவாரூர்)
கரைசலை வாய்க்காலிலோ கொல்லையிலோ சாக்கடையிலோ தயவுசெய்து கொட்டாதீர்கள். பெர்ரிக் குளோரைடு பலகையின் தாமிரத்தைக் கரைத்துத் தன்னுள் வைத்துக்கொள்கிறது. அந்தத் தாமிரம் சிறிதளவே தண்ணீரில் கலந்தாலும் மீன்களுக்கு நஞ்சாகும். நம் வாய்க்கால் நீர் ஒரு வயலோடு நின்றுவிடுவதில்லை, அடுத்த வயலுக்கும் குளத்துக்கும் போகிறது. அரிக்கும் வேகம் குறையும்வரை அதே கரைசலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, பிளாஸ்டிக் புட்டியில் பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். உலோகப் பாத்திரத்தில் வைத்தால் கரைசல் அதை அரித்துவிடும். கரைசலின் அரிக்கும் திறன் முற்றிலும் தளர்ந்தபின் காற்றோட்டமான இடத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். நுரை பொங்கும் என்பதால் பெரிய பிளாஸ்டிக் வாளியே பாதுகாப்பு. நுரை அடங்கியபின் அடியில் படியும் சேற்றில் தாமிரமும் இரும்பும் இருக்கும். அதை வடிகட்டி உலர்த்தி, மூடிய புட்டியில் அபாயக் கழிவாகவே ஒப்படைக்க வேண்டும்.

பதில் (பட்டுக்கோட்டை)
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மோட்டாரின் மும்முனை மின்சாரத்தை இந்தப் பலகையில் ஏற்றாதீர்கள். பலகையிலுள்ள ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்), மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் காயிலுக்கு (மின்காந்தச் சுருளுக்கு) போகும் மின்சாரத்தை மட்டும் துண்டித்தால் போதும். அந்த ரிலே முனைகளுக்கும் மற்றக் கோடுகளுக்கும் இடையில் குறைந்தது 6 மி.மீ. இடைவெளி விடுங்கள்.